இரு வாசல் உள்ள இல்லம்

நாய்களைப் பற்றிப் பேசுவதற்கு வானொலியிலே நேரம் ஒதுக்குவதா என்று நேயர்களிற் சிலர் நகைக்கக்கூடும். அந்நகைப்புப் புதிதன்று, அதற்கு நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. 1860 ஆம் ஆண்டிலே, இலண்டன் மாநகரின் வடபாலுள்ள ஹொலோவே என்னும் பகுதியில், மேரி ரீல்பி என்னும் அம்மையார், வழிதவறியும் பசித்தும் அலைந்த நாய்களுக்கென ஒரு தற்காலிக இல்லத்தைத் திறந்தார். உடனே 'ரைம்ஸ்' பத்திரிகை அதனை எள்ளி எழுதிற்று. புத்தி தெளிந்தவர் செய்யும் காரியமா இது என்பதே அவ்வெழுத்தின் தொனி.

ரீல்பி அம்மையார் செல்வச் சீமாட்டியல்லர். அறுபதை அணுகிய வயதினர். அவருக்குத் துணை நின்றோர் அவருடைய சகோதரரும் சில தோழியருமே. அவர் தெரிந்துகொண்ட இடமும் குதிரை லாயங்கள் இருந்த ஒரு முற்றந்தான். இரண்டாண்டுகள் சென்றபின், 1862 இல், சாள்ஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழிலே ஒரு கட்டுரை வெளிவந்தது. பரிசு பெறும் உயர்குல நாய்கள் பட்டு மெத்தையிற் கிடந்த பெருங் கண்காட்சியையும், அதற்கு அணித்தாக இருந்த இவ்வேழை இல்லத்தையும் அது அருகருகே வைத்துக் காட்டிற்று. ஏளனம் சிறிது சிறிதாக இரக்கமாக மாறியது. அம்மையார் 1865 இல் மறைந்தார். இல்லம் 1871 இல் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள பற்றர்சீக்குப் பெயர்ந்தது. 1885 இல் விக்ரோறியா மகாராணியாரே அதன் புரவலரானார். கால் நூற்றாண்டிலே நகைப்புக்கிடமாயிருந்தது நாட்டின் பெருமையாயிற்று.

கதை இவ்விடத்தே முடிந்திருப்பின் நீதிக்கதை எழுதுவோர்க்கு மகிழ்ச்சியாகும். வரலாறோ அவ்வளவு இலகுவாக முடிவதில்லை.

1867 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, இலண்டன் தெருக்களில் திரியும் நாய்களைப் பிடிக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு வழங்கியது. பிடித்த நாய்களை எங்கே கொண்டுசெல்வது? இல்லம் இருக்கிறதல்லவா! ஓர் அம்மையாரின் மனவிரக்கத்தாற் பிறந்த இல்லம் மாநகரம் முழுவதற்கும் நாய்ப்பட்டியாயிற்று. உள்வாசல் அகலத் திறந்தது. வெளிவாசலோ முன்னிருந்த அளவிலேயே இருந்தது. உரியவர் தேடிவந்து அழைத்துச் சென்றவை சில, புதிய வீடு கிடைத்தவை சில, எஞ்சியவை பல. எஞ்சியவற்றை நோவின்றிக் கொல்லும் பொருட்டு, 1884 இல், பெஞ்சமின் வாட் றிச்சாட்சன் என்னும் வைத்திய அறிஞர் அமைத்த நச்சுவாயு அறையொன்று பற்றர்சீயிலே நிறுவப்பட்டது. அதனை நிறுவியோர் கொடியவரல்லர். பட்டினி கிடந்து சாவதினும், தெருவில் அடிபட்டுச் சாவதினும் இது நன்றென்று மெய்யாகவே எண்ணினர். காக்கத் திறந்த இல்லம் கொல்லும் இல்லமானது இரக்கக் குறைவினாலன்று, இடக் குறைவினாலே.

இதே கதை அமெரிக்காவிலும் நிகழ்ந்தது. நியூயோர்க் மாநகரிலே, பிடிபட்ட நாய்களை இரும்புக்கூட்டில் அடைத்து ஆற்றிலே அமிழ்த்திக் கொல்லும் வழக்கம் இருந்தது. அந்நகரிலே 1866 இல் மிருகவதைத் தடைச் சங்கத்தை நிறுவியவர் ஹென்றி பேர்க். நாய்ப்பட்டியை நடத்தும் பொறுப்பைத் தம் சங்கம் ஏற்பதற்கு அவர் உடன்படவில்லை. அவர் 1888 இல் இறந்தார். 1894 இல் சங்கம் அப்பொறுப்பை ஏற்றது. ஆற்றில் அமிழ்த்துங் கொடுமை ஒழிந்தது. ஆயின் கொல்லும் பணி இரக்கச் சங்கத்தின் கைக்கே வந்து சேர்ந்தது. இதற்கு முன்னரே, 1869 இல், பிலடெல்பியாவிலே கரோலைன் ஏர்ள் வைற் என்னும் அம்மையாரும் அவருடைய தோழியரும் பெண்களுக்கெனத் தனிக்கிளை அமைத்து, நாய்களை மனிதத் தன்மையுடன் பேணும் காப்பகத்தை உருவாக்கியிருந்தனர். நல்லோர் எங்கும் இருந்தனர். நாய்களோ அவர்களுடைய நன்மையை விஞ்சிப் பெருகின.

1970 களில் அமெரிக்கக் காப்பகங்களிலே ஆண்டுதோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டன என்று மதிப்பிடப்பட்டது. அண்மைய ஆண்டுகளில் அத்தொகை பத்து இலட்சத்துக்குங் குறைந்துள்ளதென மதிப்பிடுகின்றனர். இம்மாற்றம் எவ்வாறு வந்தது? காப்பகங்களைப் பெருப்பித்ததால் மாத்திரம் வந்ததன்று. எத்தனை கூடுகள் கட்டினும் அத்தனையும் நிரம்பும் என்பதை நூறாண்டு அனுபவம் உணர்த்தியிருந்தது. ஆகவே உள்வாசலைச் சுருக்கவும் வெளிவாசலை விரிக்கவும் முயன்றனர். 1971 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர நிருவாகம், குறைந்த கட்டணத்திற் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யும் நிலையமொன்றைத் திறந்தது. பிறவாத குட்டிக்குக் கூடு வேண்டியதில்லை. 1994 இல் சான் பிரான்சிஸ்கோ நகரிலே, வளர்ப்புக்கு ஏற்ற நாய் பூனை ஒவ்வொன்றுக்கும் ஒரு வீடு தேடிக் கொடுப்பதென மிருகவதைத் தடைச் சங்கமும் நகரக் காப்பகமும் உடன்படிக்கை செய்துகொண்டன. காப்பகத்திலுள்ள நாயைத் தேடி மக்கள் வரட்டும் என்று காத்திராது, மக்கள் கூடும் இடத்துக்கு நாயைக் கொண்டுசெல்லும் வழக்கமும் பரவியது.

நம் அயலிலே சென்னை மாநகரமும் இப்பாடத்தை முன்னரே கண்டறிந்தது. விமானியாகிய சுந்தரம் அவர்களும் அவர் குடும்பத்தினரும் 1959 இல் தொடங்கிய நீலச்சிலுவைச் சங்கம், தெருநாய்களைக் கொல்வதால் அவற்றின் தொகை குறைவதில்லை என்பதை எடுத்துக்காட்டி, 1964 முதற் கருத்தடையையும் தடுப்பூசியையும் மாற்றுவழியாக முன்வைத்தது. மாநகராட்சி அதனை ஏற்றது 1996 இல். ஓர் எளிய உண்மை ஓர் அலுவலகத்தின் வாசலைக் கடப்பதற்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன.

இலங்கையின் வரலாற்றுக்கு வருவோம். விசர்நாய்க்கடி நோயைத் தடுக்கும் பொருட்டு 1893 ஆம் ஆண்டிலேயே இங்கு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. கட்டாக்காலி நாய்களைப் பிடித்து அழிப்பதே நெடுங்காலம் வழியாக இருந்தது. அந்நோயின் அச்சம் வீணான அச்சமன்று. 1970 களின் முற்பகுதியில் ஆண்டொன்றுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர். 2006 இல் நாய்களைக் கொல்லாக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. அதன் பின்னர் தடுப்பூசியும் கருத்தடையுமே முதன்மை பெற்றன. நோயால் இறப்போர் தொகை அண்மைக் காலத்திற் சில பத்துக்களாகச் சுருங்கியுள்ளது.

எனினும், கொல்லாமை ஒன்றே காப்பாற்றுதல் ஆகிவிடாது. விடியற்காலையிற் கோயில் வீதியிலோ சந்தைப் புறத்திலோ சென்று பாருங்கள். கண் திறவாத குட்டிகள் பெட்டியிற் கிடக்கும். அவற்றுட் பெரும்பாலானவை பெண்குட்டிகள். கொண்டுவந்து விட்டவர், "யாராவது இரங்கி எடுப்பர்" என்று தம் மனத்துக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு போயிருப்பார். அந்த 'யாராவது' ஒருவர் நம் ஊர்கள் தோறும் இருக்கின்றார். அவருடைய வளவிலே பத்து நாய்கள் இருபதாகி, இருபது ஐம்பதாகி, அவரது ஓய்வூதியத்தையும் உறக்கத்தையும் உண்டுவிடுகின்றன.

இதை நான் பிறரைச் சுட்டிச் சொல்லவில்லை. நான் அதிபராகப் பொறுப்பேற்ற முதலாண்டு ஒரு காலையிலே, பாடசாலைப் படலையருகே பனையோலைக் கடகமொன்றில் நான்கு குட்டிகள் கிடந்தன. மாணவர்கள் என் முகத்தையே பார்த்தனர். "வைத்திருப்போம்" என்றேன். விறகுக் கொட்டில் அவற்றுக்கு வீடாயிற்று. என் இரக்கத்தை ஊர் மெச்சியது. மெச்சியதோடு நில்லாது, அடுத்த கிழமை இன்னொரு பெட்டியையும், அதற்கடுத்த கிழமை வேறொரு சாக்கையும் படலையிலே கொண்டுவந்து வைத்தது. இரண்டு மாதத்திற் பதினேழு குட்டிகளாயின. பின்னர் ஒரு நாள் இரத்தக் கழிச்சல் நோய் அக்கொட்டிலுட் புகுந்தது. நெருக்கத்திலே அது காட்டுத்தீப்போற் பரவியது. ஐந்து நாட்களில் ஒன்பது குட்டிகளைப் புதைத்தோம். குழி வெட்டிய பையன்களுள் ஒருவன், "நாங்கள் எடுக்காமல் விட்டிருந்தால் இவை செத்திருக்குமோ சேர்?" என்று கேட்டான். அவனுக்கு விடைசொல்ல எனக்கு நா எழவில்லை.

மிருக வைத்தியர் வந்து, கொட்டிலைக் கழுவச் செய்து, எஞ்சிய எட்டுக்கும் தடுப்பூசி போட்டார். அதன்பின் நாங்கள் செய்தது முதலிலேயே செய்திருக்க வேண்டியது. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வீடு தேடினோம். பெற்றோரின் ஒப்புதற் கடிதமின்றி எதனையும் கொடுத்தோமில்லை. ஏழு சென்றன, எட்டாவது காவலாளியுடன் நின்றுவிட்டது. குட்டிகளின் தாய்மார் எவ்வெவ் வளவிலுள்ளன என்று மாணவரே தேடிக் கண்டறிந்து, உரியவரை இணக்கி, மூன்று தாய்நாய்களுக்குக் கருத்தடை செய்வித்தனர். மறு ஆண்டு படலையிலே ஒரு பெட்டி மாத்திரமே வந்தது. அப்பையனுக்கு நான் சொல்லாது விட்ட விடையை அவனும் அவன் தோழருமே சொல்லிவிட்டனர்.

சுவர்க்கத்தின் வாசல்வரை தம்மைத் தொடர்ந்த நாயை விட்டு உள்ளே செல்லத் தருமபுத்திரர் மறுத்தார் என்பது நம் முன்னோர் போற்றிய கதை. அவர் பின்னே வந்தது ஒரு நாய். நம் பின்னே வருவன ஆயிரம். ஒருவர் வீட்டில் ஆயிரம் நாய்களுக்கு இடமில்லை. ஆயிரம் வீடுகளில் ஒவ்வொன்றுக்கு இடமுண்டு. ஆதலின், நாய் வளர்க்க விரும்பும் நேயர்கள் பணங் கொடுத்து உயர்குலக் குட்டியை வாங்குமுன், அயலிலுள்ள காப்பகத்துக்கு ஒருமுறை செல்லுங்கள். ஏற்கெனவே வளர்ப்போர் தம் நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வியுங்கள். கூட்டிலிருந்து ஒரு நாயை நீங்கள் அழைத்து வரும்போது காப்பாற்றப்படுவது அந்த நாய் மாத்திரமன்று. அக்கூட்டுக்காக வெளியிலே காத்திருக்கும் மற்றொன்றுங்கூட.