மயில்சிகை (பன்னம்)

மயில்சிகை அல்லது மயூரசிகை என்பது டெரிடேசியே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு பன்னம் (பெரணி) ஆகும். இதன் தாவரவியல் பெயர் ஆக்டினியோப்டெரிசு ரேடியேட்டா. ஆப்பிரிக்கா, அரேபியா தொடங்கி இந்தியா, இலங்கை, மியான்மர் வரை வறண்ட பாறை நிலங்களில் இது பரவியுள்ளது. பன்னம் என்றாலே மலைக்காட்டு ஈரம் நினைவுக்கு வரும். இதுவோ செங்கல்பட்டு, மாமல்லபுரம் வட்டாரத்தைப் போன்ற வெயில் காயும் கருங்கற் குன்றுகளுக்கு உரியது.

பெயர்

கிரேக்கத்தில் 'ஆக்டிசு' கதிரையும், 'டெரிசு' பன்னத்தையும் குறிக்கும். இதனை 1801 இல் சுவார்ட்சு வேறொரு பேரினத்தில் விவரித்தார். லிங்க் 1841 இல் இப்போதைய பெயரை அளித்தார். முழுப்பெயரில், தரங்கம்பாடியில் பணியாற்றிய லின்னேயசின் மாணவர் கோனிக்கின் பெயரும் சேர்த்து எழுதப்படுவதுண்டு.

இனங்காணல்

உயரம் பெரும்பாலும் 5 முதல் 20 செ.மீ. வரை. மெல்லிய விறைப்பான காம்பின் நுனியில் இலை விசிறிபோல் விரிந்து, இரண்டிரண்டாகப் பிளந்து குறுகிய கீற்றுகளாகும். முதன்முதலில் காண்போர் இதைப் பனங்கன்று என்றே எண்ணுவர். ஐயம் தீர இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: வளமான இலைகளில் கீற்றின் ஓரம் உட்புறமாக மடிந்து, அதன் அடியில் வித்துக்கூடுகள் நீள்வரிசையாக இருக்கும். பனையில் இவை இரா. வித்து தாங்கும் இலைகள் மற்றவற்றைவிட உயரமானவை.

வறட்சியும் மீட்சியும்

கோடையில் இலைகள் உள்நோக்கிச் சுருண்டு பழுப்பேறும். ஆனால் செடி இறப்பதில்லை, இலையும் உதிர்வதில்லை. நீர் கிடைத்தால் ஓரிரு நாளில் விரிந்து மீண்டும் பசுமையாகும். சித்திரை, வைகாசியில் மட்டும் ஒரு குன்றைப் பார்த்துவிட்டு அங்கே பன்னம் இல்லை என முடிவு கட்டுவது தவறாகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை தேடுவதே தக்கது. வித்திலிருந்து தோன்றும் முன்உடலத்தில் கருவுறுதல் நிகழவும் நீர்ப்படலம் தேவை.

வாழிடம்

பாறை வெடிப்புகளிலும், காரை உதிர்ந்த பழைய சுவர்களிலும் வளரும். கடற்கரை மணலில் தேடுவது வீண். சுவரைப் பிளக்கும் அரசு, ஆல் போலன்றி இதன் மட்டநிலத்தண்டு குறுகியது, வேர்கள் மெல்லியவை. குன்றைக் கல்லுக்காக உடைக்கும்போது வெடிப்போடு செடியும் போய்விடும். புதிதாகப் பிளந்த மொட்டைப் பாறையில் வேர் பிடிக்க மண் இருக்காது.

மருத்துவப் பயன்பாடு

நாட்டு மருத்துவத்தில் குடற்புழு நீக்கவும் குருதிப்பெருக்கை நிறுத்தவும் வழங்கப்படுகிறது. எனினும் மயூரசிகை என்ற பெயர் கோழிக்கொண்டைக்கும், அடியாண்டம் வகைப் பன்னம் ஒன்றுக்கும் வழங்குவதால், உலர்ந்த சரக்கைப் பெயரை மட்டும் நம்பி வாங்கலாகாது. விசிறி வடிவக் கீற்றுகள் உள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.