செவியைப் பேணுதல்

“வயதானால் காது மந்தமாவது இயற்கைதானே” என்று நம் இல்லங்களிற் சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. மற்றப் பாதியைச் சரித்திரம் எடுத்துரைக்கிறது.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமத்சீனி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெனிஸ் நகரில் செம்புப் பாத்திரம் அடிக்கும் கன்னார் ஒரே பகுதியில் நெருங்கி வாழ்ந்தனர். நாள் முழுதும் ஓயாத சம்மட்டி ஓசை அவர்களுடைய செவியை மந்தமாக்கியதையும், அத்தொழிலிலேயே மூப்படைந்தோர் முற்றும் காது கேளாதவராயினர் என்பதையும் அவர் குறித்தார். ஆகவே, அவர்களுடைய கேளாமைக்கு முதுமை மட்டுமே காரணம் அன்று. இளமை முதல் கேட்ட இரைச்சலும் காரணமாயிற்று.

1886-இல் கிளாஸ்கோ நகரில் தாமஸ் பார் என்னும் மருத்துவர் கொதிகலன் செய்யும் தொழிலாளர் நூறு பேரைச் சோதித்தார். இரும்புத் தகட்டில் தறையாணி அடிக்கும் பேரோசையினிடையே உழைத்த அவர்களுள் ஒருவருக்கேனும் செவி குறைவற்றதாக இல்லை. பொதுக்கூட்டங்களிற் பேச்சைக் கேட்கவே பெரும்பாலோர் இடர்ப்பட்டனர்.

இதன் காரணம் இன்று தெளிவாக விளங்குகிறது. உட்காதில் நத்தைக்கூடு போன்ற உறுப்பினுள் நுண்ணிய மயிரணுக்கள் உள்ளன. அவையே ஒலியை நரம்புக்கு உணர்த்துகின்றன. மனிதருக்கு அவை அழிந்தால் மீண்டும் தோன்றுவதில்லை. உயர்ந்த சுருதியை உணரும் அணுக்களே பெரும்பாலும் முதலில் நலிகின்றன. அதனாலேதான் முதியவர், “குரல் கேட்கிறது, சொல் விளங்கவில்லை” என்கிறார். நாமோ கவனக்குறைவு என்றெண்ணிக் கடிந்துகொள்கிறோம்.

கொம்பு போன்ற குழலைச் செவியில் வைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. 1947-இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டபின், சில ஆண்டுகளுக்குள் சிறிய செவிக்கருவிகள் வந்தன. நம் நாட்டில் பேச்சு, கேட்டல் துறைகளுக்கென மைசூரில் 1965-இல் அகில இந்திய நிறுவனம் ஒன்று அமைந்தது. எனினும், கண்ணாடி அணியக் கூசாத நாம், கருவி அணியக் கூசுகிறோம். நடுவயதிற் கேட்கும் திறன் குறைவது பிற்கால மறதிநோய்க்கு வழிவகுக்கும், தடுக்கத்தக்க காரணங்களுள் ஒன்று என்று லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2020-இல் அறிவித்தது. கூச்சத்திற்கு நாம் கொடுக்கும் விலை சிறிதன்று.

செய்யவேண்டியவை எளியவை. ஆலை இரைச்சலில் வேலை செய்வோர் காதடைப்பான் அணிதல் வேண்டும். ஊக்கு, தீக்குச்சி முதலியவற்றைக் காதினுள் நுழைத்தல் கூடாது. ஐம்பது வயது கடந்தோர் அவ்வப்போது செவியைச் சோதித்துக்கொள்ளுதல் நன்று.

பிள்ளைகளுடன் வாழ வெளிமாநிலம் வந்த பெற்றோருக்கு, வெளியே வழங்கும் மொழி பெரும்பாலும் புரிவதில்லை. வீட்டில் நாம் பேசும் தமிழும், ஊரிலிருந்து தொலைபேசியில் வரும் உறவினர் குரலுமே அவர்களுக்குத் துணை. செவி மங்கினால் அத்துணையும் போய்விடும். ஆகையால், இருமுறை அழைத்தும் அவர்கள் திரும்பாவிடில் சினவாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்வோமாக.