வாட்ஸ்அப் குரூப்பா, சேனலா, கம்யூனிட்டியா? சின்னக் கடைகளுக்கு எது சரிப்பட்டு வரும்?

போத்தனூரில் இட்லி மாவு அரைச்சு விக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். "அண்ணா, மாவு இருக்குங்களா?" என்று தினமும் நாற்பது பேர் போன் செய்கிறார்கள். எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிட்டால் வேலை முடிஞ்சுதுன்னு தோணும். ஆனால், சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான். ஏன்? பார்க்கலாம் வாங்க.

குரூப்பில் என்ன பிரச்னை?

ஒரு குரூப்பில் 1,024 பேர் வரை சேர்க்கலாம். ஆனால், ஒருவரின் நம்பர் மற்ற எல்லாருக்கும் தெரியும். மாவு வாங்க வந்த பெண்ணுக்கு முன்பின் தெரியாத யாரோ 'ஹாய்' அனுப்பினால், அவர் குரூப்பை மட்டுமல்ல, உங்கள் கடையையே விட்டுவிடுவார்.

வேறு என்ன வழிகள்?

* பிராட்காஸ்ட் லிஸ்ட்: ஒரு லிஸ்ட்டில் 256 பேர். ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால், உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே மெசேஜ் போகும்.
* சேனல்: 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. எத்தனை பேர் வேண்டுமானாலும் பின்தொடரலாம், நம்பர் வெளியே தெரியாது. ஆனால், இது ஒருவழிப் பாதை. ஆர்டரைத் தனியாகத்தான் வாங்கணும்.
* கம்யூனிட்டி: 2022 நவம்பரில் அறிமுகமானது. இதன் அறிவிப்பு குரூப்பில் மற்ற உறுப்பினர்களுக்கு நம்பர் தெரியாது. போத்தனூர், சுந்தராபுரம், குனியமுத்தூர் என ஏரியா வாரியாகத் தனி குரூப்களும் வைக்கலாம். அந்த குரூப்களில் நம்பர் தெரியும் என்பதால், விருப்பப்பட்டவர்களை மட்டும் சேருங்க.

இதோடு, இலவசமாகக் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் பொருளின் படம், விலையை கேட்டலாக்கில் போட்டு வைக்கலாம்.

இளம்பிள்ளை சொல்லும் பாடம்

சேலம் மாவட்டம் இளம்பிள்ளை, சேலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து சேலைப் படங்கள் ரீசெல்லர் குரூப்களுக்குப் போகின்றன. வீட்டிலிருந்தே வியாபாரம் பார்க்கும் பெண்கள் அதைத் தங்கள் சொந்தபந்தம், அக்கம்பக்கத்துக்கு அனுப்பி ஆர்டர் பிடிக்கிறார்கள். பெரிய விளம்பரத்தைவிட, தெரிஞ்சவங்க சொல்லும் ஒரு வார்த்தைதான் இங்கே சரக்கை நகர்த்துகிறது.

வந்தவர்கள் போகாமல் இருக்க...

1. கேட்டுவிட்டுச் சேருங்க. ஒருவரின் விவரத்தைப் பயன்படுத்த அவர் சம்மதம் முக்கியம் என்பதுதான் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. பலர் ரிப்போர்ட் அடித்தால் வாட்ஸ்அப் உங்கள் நம்பரையே முடக்கலாம்.
2. தினமும் குட்மார்னிங் படம் வேண்டாம். மாவு எப்போ ரெடி, எப்போ தீர்ந்தது என்று சொன்னால் போதும்.
3. "மாவு புளிச்சுப்போச்சு" என்று ஒருவர் எழுதினால் டெலீட் செய்யாதீங்க. மாத்திக் கொடுத்துட்டு, அதை அங்கேயே சொல்லுங்க. மற்றவர்களும் அதைப் பார்த்துட்டுதான் இருக்காங்க.
4. வாடிக்கையாளர் பெயர், நம்பரை ஒரு நோட்டிலும் எழுதி வையுங்க. போன் தொலைந்தாலும் தொடர்பு போகாது.

இதை மறக்காதீங்க

உங்கள் வாட்ஸ்அப்பை யாராவது கைப்பற்றினால், உங்கள் பெயரிலேயே வாடிக்கையாளர்களிடம் பணம் கேட்பார்கள். டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் செய்யுங்க, ஓடிபியை யாருக்கும் சொல்லாதீங்க. யாராவது பணத்தை இழந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் போன் செய்யணும்.