மேற்கே இறங்காத தண்ணீர்

சுமத்ரா என்றால் நமக்கு உடனே 1025-தான். ராஜேந்திர சோழன், கடற்படை, ஸ்ரீவிஜயம். ஸ்டேட்டஸ் வைக்க அது போதும். ஆனால் அந்தத் தீவில் தமிழர்கள் என்னதான் செய்துகொண்டிருந்தார்கள் என்று தெரியவேண்டுமானால், படையைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு ஒரு ஏரியைப் பார்க்கலாம்.

வட சுமத்ராவின் தோபா ஏரி. சுமார் 74,000 வருடங்களுக்கு முன் எரிமலை வெடித்து, உள்ளே காலியாகி, மேல்தளம் சரிந்து விழுந்ததில் உண்டான பள்ளம். நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஆழம் 500 மீட்டர். நீர்மட்டமோ கடலுக்கு 900 மீட்டர் மேலே. அன்று பறந்த சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்தில் இன்றும் மண்ணுக்குள் தனி அடுக்காகக் கிடைக்கிறது.

இந்த ஏரி தீவின் மேற்குக் கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் அந்தப் பக்கம் இறங்குவதில்லை, மலைவிளிம்பு மறிக்கிறது. வெளியேற இருக்கும் ஒரே வாசல் அசஹான் ஆறு. அது எதிர்த்திசையில் ஓடி மலாக்கா நீரிணையில் சேர்கிறது. இன்று அதில் அணைகள். அந்த மின்சாரத்தில் அலுமினிய ஆலை ஓடுகிறது.

இதற்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்? மேற்குக் கரையில் கப்பலைவிட்டு இறங்கியவனுக்கு ஏரிவரை ஏறிப்போக ஆறு கிடையாது. காட்டுப் பாதைதான். அந்தக் காடு பத்தாக் மக்களுடையது. கற்பூரமும் சாம்பிராணியும் அவர்கள் இறக்கிக் கொடுத்தால்தான் வியாபாரம்.

அந்தக் கரையில், ஏரியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில், பாரூஸ் துறைமுகம். அங்கே லோபு துவாவில் 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நீலகண்ட சாஸ்திரி 1932-இல் அதைப் பற்றி எழுதினார். காலம் 1088. சோழ மன்னனின் ஆட்சியாண்டு அதில் இல்லை, சக ஆண்டுதான். பேசுவது ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. விஷயம், கப்பலில் வருகிறவர்கள் பொன்னாகக் கட்டவேண்டிய தொகை. வெற்றிப் பெருமிதம் எதுவும் இல்லை. நம்ம ஊர் வியாபாரிகள் சங்கத் தீர்மானம் மாதிரிதான்.

ஏரிக்கு வடக்கே வாழும் காரோ பத்தாக் மக்களின் செம்பிரிங் குலத்தில் இன்றும் சோலியா, பாண்டியா, பிராமணா என்று கிளைப்பெயர்கள் இருக்கின்றன. தண்ணீர் தாண்டாத மேட்டைப் பெயர்கள் தாண்டியிருக்கின்றன.

இந்தோனேசியாவில் கற்பூரத்துக்கு இன்றும் 'காபுர் பாரூஸ்' என்றுதான் பெயர். மந்தைவெளியில் சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு சிட்டிகை பச்சைக் கற்பூரம் போடுகிறோமே, அந்த ருசிக்குப் பின்னால் இருப்பது படையெடுப்பு இல்லை. பேரம் பேசி, விலை கொடுத்து, பலர் அங்கேயே தங்கிவிட்ட நீண்ட கதை. நாம் பெருமைப்பட அது போதாதா?