திண்டுக்கல் சரக்கும் விளம்பரக்காரர்களும்

திண்டுக்கல் என்றவுடன் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பூட்டு. அடுத்தது பிரியாணி. வயதானவர்களைக் கேட்டால் புகையிலையையும் சுருட்டையும் சேர்த்துச் சொல்வார்கள். மூன்றும் ஒரே ஊர்ச் சரக்குதான். ஆனால் மூன்றுக்கும் விளம்பரம் நடந்த விதம் வேறு வேறு. ஒன்றை வெளியூர்க் கம்பெனி உலகம் முழுக்க விற்றது. ஒன்றுக்கு சாப்பிட வந்தவர்களே பெயர் வைத்தார்கள். இன்னொன்றுக்காக யாரும் வாய் திறக்கவே இல்லை. இன்று திண்டுக்கல்லில் கடை வைத்திருக்கும் ஒருவர், "நம்ம ஊர் ஏஜென்சியிடம் விளம்பரத்தைக் கொடுக்கலாமா, இல்லை சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ போகலாமா?" என்று யோசிக்கிறார் அல்லவா? அந்தக் கேள்வி நூறு வருடத்துக்கும் மேல் பழசு!

முதலில் சுருட்டின் கதை. திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்து மண் புகையிலைக்குப் பேர் போனது. (1948ல் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் வேடசந்தூரில் அமைந்ததே இதற்குச் சாட்சி.) பிரிட்டிஷார் காலத்தில் இந்தப் புகையிலையில் சுருட்டிய சுருட்டுகள் கப்பல் ஏறி லண்டன் வரை போயின. 1863ல் சென்னையில் தொடங்கிய ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டுத் தொழிற்சாலை நடத்தியது. ஆனால் லண்டன்காரன் அந்தச் சுருட்டை என்ன பெயரில் அறிந்தான் தெரியுமா? 'டிரிச்சினோபோலி', அதாவது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு. 1887ல் வெளிவந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே கொலைகாரன் பிடித்தது டிரிச்சினோபோலி சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். திருச்சியிலும் சுருட்டுத் தொழில் இருந்தது உண்மைதான். ஆனால் இலை பெரும்பாலும் விளைந்த ஊரின் பெயர் அந்தப் புகழில் எங்கேயும் இல்லை. விற்றவனுக்குத் தெரிந்த பெரிய ஊர் திருச்சி, வாங்கியவன் வாயில் நுழைந்ததும் அதுவே. விளைவித்தவனை யாரும் கேட்கவில்லை.

இதே மாதிரி இன்னொன்றும் நடந்திருக்கிறது. திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைகள் ஏராளமாகத் தயாராகின்றன. புவிசார் குறியீட்டுப் பதிவேட்டில் இருக்கும் பெயரோ மதுரை சுங்குடி. சுங்குடி மதுரையின் சௌராஷ்டிர மக்களோடு வளர்ந்த கலை என்பதால் இதைப் பெயர்த் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெரிய ஊரின் நிழலில் இருக்கும் சிறிய ஊருக்கு இது பழகிப்போன விஷயம். 1985 செப்டம்பரில் தனி மாவட்டமாகும் வரை திண்டுக்கல்லே மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதியாகத்தான் இருந்தது.

சரி, அந்தக் காலத்தில் உள்ளூர் வியாபாரி எப்படித்தான் விளம்பரம் செய்தார்? விளம்பர ஏஜென்சி என்பதே பம்பாய், கல்கத்தா சமாச்சாரம். இந்தியாவின் முதல் ஏஜென்சி என்று பொதுவாகச் சொல்லப்படும் பி.தத்தாராம் கம்பெனி 1905ல் பம்பாயில் தொடங்கியது. சென்னையில் ஆர்.கே.சுவாமி சொந்தமாக ஏஜென்சி ஆரம்பித்தது 1973ல். இந்தப் பெரிய ஏஜென்சிகள் எல்லாம் பத்திரிகைகள் தரும் கமிஷனில் (வழக்கமாக 15 சதவீதம்) வாழ்ந்தவை. வருடத்துக்கு ஒருமுறை தீபாவளிக்கு மட்டும் கால் பக்கம் விளம்பரம் தரும் ஜவுளிக்கடையால் அவர்களுக்கு டீச்செலவுக்குக்கூட கட்டாது. ஆகவே சிறிய ஊர் வியாபாரியை அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை, வியாபாரியும் அவர்களைத் தேடிப் போகவில்லை.

அவர் தேடிப் போனது மூன்று பேரை. ஒருவர் ஊரில் உள்ள அச்சகக்காரர். நோட்டீஸ், பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர்தான். இன்னொருவர் போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட். மூன்றாமவர் சிவகாசி ஏஜெண்ட்.

சிவகாசி ஏஜெண்ட் என்பவர் உண்மையில் ஒரு நடமாடும் விளம்பர ஏஜென்சி. ஆடிப் பதினெட்டு அன்று சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதைத் தூக்கிக்கொண்டு ஏஜெண்டுகள் ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். முருகன், லட்சுமி, காந்தி, குழந்தை, மசூதி, மாதா என்று எல்லாப் படமும் ஆல்பத்தில் இருக்கும். கடைக்காரர் தன் வாடிக்கையாளர் யார் என்று பார்த்துப் படத்தைத் தேர்ந்தெடுப்பார். பழனி பாதயாத்திரை போகும் ஊரில் முருகன் படத்துக்குக் கேட்கவா வேண்டும்! படத்துக்குக் கீழே கடைப் பெயர், விலாசம், போன் நம்பர். முன்னூற்று அறுபத்தைந்து நாளும் வாடிக்கையாளர் வீட்டு நடுக்கூடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் கடைப் பெயர் தொங்கும். இப்படி ஓர் இடத்தை எந்தச் சென்னை ஏஜென்சியாலும் வாங்கித் தர முடியாது. அந்தப் படங்களின் பின்னால் கோவில்பட்டியில் வாழ்ந்த சி.கொண்டையராஜு (1898-1976) போன்ற பெரிய ஓவியர்களும் அவருடைய சீடர்களும் இருந்தார்கள். நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்தவர் அவர். அவருடைய சாமி படங்கள் வராத தமிழ் வீடு அந்த நாளில் குறைவு என்றால் மிகையில்லை.

இதில் ஒரு குறையும் இருந்தது. திண்டுக்கல் ஜவுளிக்கடை தேர்ந்தெடுத்த அதே முருகனை விருதுநகர் எண்ணெய்க்கடையும் தேர்ந்தெடுத்திருக்கும். பெயரை மாற்றினால் போதும், படம் எல்லோருக்கும் பொது. செலவு குறைவுதான், தனித்துவமும் அந்த அளவுக்குத்தான்.

தனித்துவம் வேண்டும் என்றால் சுவருக்குத்தான் வர வேண்டும். சுண்ணாம்பு அடித்து, நீலத்திலும் சிவப்பிலும் கொட்டை எழுத்தில் எழுதி, ஓரத்தில் '... ஆர்ட்ஸ்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும் ஆர்ட்டிஸ்டுக்கு ஊரின் ஒவ்வொரு திருப்பமும் தெரியும். பஸ் எங்கே மெதுவாகப் போகும், எந்தச் சுவரில் வெயில் படாது, எந்த வீட்டுக்காரர் திட்டுவார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அங்கு விலாஸ் புகையிலை போன்ற திண்டுக்கல் பெயர்கள் படிக்கத் தெரியாதவர்களிடமும் போய்ச் சேர்ந்த காலம் அது. (2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு புகையிலை விளம்பரமே கூடாது என்றாகிவிட்டது. நல்லதுதான்.)

சுவரின் பலத்தை இந்த ஊர் ஒரு தேர்தலில் நாட்டுக்கே காட்டியது. 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். புதுக் கட்சி ஆரம்பித்தார். அடுத்த மே மாதம் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். கட்சிக்கு நிரந்தரச் சின்னம் கிடையாது. வேட்பாளர் மாயத்தேவருக்குக் கிடைத்த சின்னம் இரட்டை இலை. ஒரு விளம்பரக்காரனின் கண்ணோடு அதைப் பார்க்க வேண்டும். ஆர்ட்டிஸ்டே தேவையில்லை! கரிக்கட்டை இருந்தால் பள்ளிக்கூடப் பையன்கூட நாலு கோட்டில் வரைந்துவிடுவான். இரண்டு விரலை விரித்துக் காட்டினாலும் அதே சின்னம். சமவெளிக் கிராமங்களின் மண்சுவர் வரைக்கும் இலை முளைத்தது. மாயத்தேவர் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார், ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. எம்.ஜி.ஆரின் முகம்தான் முதல் காரணம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முகத்தை ஓட்டுச்சீட்டில் ஒரு சிறிய படமாக மாற்றியது திண்டுக்கல் சுவர்கள்தான்.

பூட்டுக்கு இப்படி ஒரு சுவர் கிடைக்கவில்லை. திண்டுக்கல் பூட்டு முழுக்கக் கைவேலை. மாங்காய்ப் பூட்டு, அலமாரிப் பூட்டு, டிரங்குப் பெட்டிப் பூட்டு, ஷட்டர் பூட்டு என்று எத்தனையோ வகை. ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதுதான் அதன் பெருமை. பட்டறைக்காரர் நாள் முழுக்க அரத்தோடு உட்கார்ந்திருப்பவர், விற்பது வேறு ஆள். தமிழ்நாடெங்கும் கோயில் கதவிலும் குடோனிலும் திண்டுக்கல் பூட்டு தொங்கியது, ஆனால் அதைச் செய்த பட்டறையின் பெயர் யாருக்கும் தெரியாது. பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897ல் பூட்டுத் தொழிலில் இறங்கினார். அங்கே ஒவ்வொரு பூட்டிலும் ஒரே குடும்பத்தின் பெயர். பின்னாளில் பீரோவுக்கும் சோப்புக்கும்கூட அந்தப் பெயர் உதவியது. திண்டுக்கல்லில் பெயர் ஊருக்குச் சொந்தம், அதாவது யாருக்கும் சொந்தமில்லை. அலிகாரிலிருந்து மெஷினில் செய்த மலிவான பூட்டுகள் வந்து குவிந்தபோது "இது எங்கள் பூட்டு, அது வேறு" என்று எடுத்துச் சொல்ல ஆளில்லை. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அப்பா பிடித்த அரத்தைப் பிள்ளை பிடிக்கவில்லை. 2019ல்தான் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் கிடைத்தது. குறியீடு போலியைத் தடுக்க உதவும். சரக்கை விற்றுத் தராது. பூட்டைப் பற்றி இப்போது வரும் செய்திகளில் பாதி, தொழில் அழிகிறது என்ற செய்திதான். பரிதாபம் பூட்டு விற்காது.

பிரியாணிக் கதை இதற்கு நேர் எதிர். 1957ல் நாகசாமி நாயுடு தொடங்கியது ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல். அந்த நாளில் ஊருக்கு நாலு விலாஸ் இருக்கும். அவர் எப்போதும் தலையில் தலைப்பா கட்டியிருப்பார். சாப்பிட வந்தவர்கள் "தலைப்பாக்கட்டு கடைக்குப் போகலாம்" என்றார்கள். ஆனந்த விலாஸ் மறைந்து, தலைப்பாக்கட்டி நிலைத்தது. ஓர் ஏஜென்சி ஆறு மாதம் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு பெயர் வருமா என்பது சந்தேகமே. ஒரு மனிதர், ஓர் உருவம், ஓர் ஊர் மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் ஊரே வைத்த பெயரை ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று மற்றவர்களும் நினைத்தார்கள். சென்னையில் 'தலப்பாக்கட்டு' என்ற பெயரில் வேறு கடைகள் கிளம்பின. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. திண்டுக்கல்லில் சீரக சம்பா அரிசியும் ஆட்டுக்கறியும் வேகும் வாசனையில் பிறந்த பெயரை, எழுத்து எழுத்தாகப் பிரித்து வக்கீல்கள் வாதாட வேண்டி வந்தது. கடை இன்று வெளிநாடுகள் வரை கிளை பரப்பியிருக்கிறது. பெயரைப் பதிவு செய்து காக்காமல் இருந்திருந்தால் சுருட்டின் கதை இங்கேயும் நடந்திருக்கும்.

இனி ஏஜென்சி விஷயத்துக்கு வரலாம். திண்டுக்கல் போன்ற ஊர்களின் இன்றைய உள்ளூர் ஏஜென்சிகள் பல, அந்தப் பழைய மூவரின் வாரிசுகள்தான். 2000க்குப் பிறகு ஃபிளெக்ஸ் மெஷின் வந்தபோது போர்டு ஆர்ட்டிஸ்டுகளின் பிழைப்பு ஒரே அடியாகப் போனது. சிலர் வேறு வேலைக்குப் போனார்கள். சிலர் கம்ப்யூட்டரில் கோரல்டிரா கற்றுக்கொண்டு டிசைனர் ஆனார்கள். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் இறந்த பிறகு பேனர்களுக்கு நீதிமன்றக் கெடுபிடி அதிகமானது. வேலை செல்போன் திரைக்கு நகர்ந்தது. இன்ஸ்டாகிராம் வீடியோ, வாட்ஸ்அப் படம், கூகுள் வரைபடத்தில் கடை இருக்கும் இடம் என்று சரக்கு மாறியது. ஆள் பெரும்பாலும் அதே ஆள், அல்லது அவர் மகன்.

அவரிடம் பழைய ஆர்ட்டிஸ்டின் பலம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் கடைக்காரரின் வேலை. பழனிக்கு நடந்து போகும் தைப்பூசக் கூட்டம் எந்தச் சாலையில் எத்தனை மணிக்கு வரும், சின்னாளப்பட்டிக்காரர் எப்போது கையில் காசு வைத்திருப்பார், "வாங்கண்ணே" என்று எழுதுவதா "வருக வருக" என்று எழுதுவதா என்பதெல்லாம் சென்னை ஆளுக்குப் பாடம் எடுக்க வேண்டும். அதே சமயம் சிவகாசி ஆல்பத்தின் குறை இவரிடமும் வரலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படத்தில் பெயரை மட்டும் மாற்றி நாலு கடைக்குக் கொடுத்தால் அது பழைய முருகன் காலண்டர்தான். செய்த வேலைகளை வரிசையாகக் காட்டச் சொல்லிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

அச்சகக் காலத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. கடையின் சின்னத்தை, முதலாளி படத்தைத் துத்தநாகத் தகட்டில் 'பிளாக்' எடுத்துத்தான் அச்சிட வேண்டும். பிளாக்கை அச்சகத்திலேயே விட்டுவிட்டால் மறுமுறையும் அங்கேதான் போக வேண்டும், சண்டை வந்தால் பிளாக்கும் போச்சு. விவரம் தெரிந்த வியாபாரி காசு கொடுத்த அன்றே பிளாக்கைக் கேட்டு வாங்கித் தாளில் சுற்றி, கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொள்வார். இன்று அந்தப் பிளாக்கின் இடத்தில் இருப்பவை இணையதள முகவரியும் ஃபேஸ்புக் பக்கத்தின் பாஸ்வேர்டும். அவை ஏஜென்சிக்காரரின் சொந்த மெயில் ஐடியில் பதிவாகியிருப்பது பல கடைக்காரர்களுக்கு, ஏஜென்சியை மாற்றப் போகும் அன்றுதான் தெரிகிறது.