எல்லோராச் சிற்பங்களும் நீர்வண்ணப் பயிற்சியும்

பழஞ்சிற்பங்களை நேரில் கண்டு நீர்வண்ணத்தில் தீட்டக் கற்பிக்கும் முயற்சி மராத்தியப் பகுதியில் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே காணப்படுகிறது. 1791இல் மும்பைக்கு வந்த ஸ்காட்லாந்து ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ், புணேயில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்த சார்லஸ் மாலெட்டின் முயற்சியால் பேஷ்வாவின் சனிவார் வாடாவில் அமைந்த ஓவியப் பள்ளியில் உள்ளூர்க் கலைஞர்களுக்குப் பயிற்சியளித்தார்.

அவர்களுள் கங்காராம் தாம்பட் குறிப்பிடத்தக்கவர். 'தாம்பட்' என்னும் மராத்திச் சொல் செம்புக் கன்னாரைக் குறிக்கும். இவர் எல்லோரா, கார்லே குடைவரைகளை வரைந்தார்.

கல்லில் புடைப்பும் குழிவும் உண்டு. தாளில் இரண்டும் இல்லை. நீர்வண்ணத்தில் ஒளி படும் இடத்தைத் தாளின் வெண்மையாகவே விட்டு, நிழலை மென்சாயத்தால் அடுக்கடுக்காக ஏற்றுவர். ஒளி வரும் திசையை அறியாமல் தூரிகையைத் தொடுதல் இயலாது. ஆகவே இப்பயிற்சி கைக்கு முன் கண்ணைப் பழக்குவது எனலாம்.

வேல்ஸ் 1795இல் மறைந்தார். தாமஸ் டேனியல் 1803இல் இலண்டனில் வெளியிட்ட எல்லோரா நூலில் 24 காட்சிகள் உள்ளன. அதன் தலைப்பில் வேல்ஸ், டேனியல் என்னும் இருவர் பெயர்களே இடம்பெற்றன. கங்காராமின் ஓவியங்களோ அமெரிக்காவில் யேல் பிரித்தானியக் கலை மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

ஏடு பெயர்த்தெழுதியவரின் கையை ஆராயாமல் பதிப்பாசிரியர் பாடத்தை முடிவு செய்வதில்லை. சிற்பத்தைக் கண்டு வரைந்த ஓவியமும் ஒருவகைப் படியே. எனவே எல்லோராவின் அக்கால நிலையை அறிய விழைவோர் அச்சு நூலோடு அமையாது, அம்மாணவரின் தாள்களையும் ஒப்புநோக்குதல் வேண்டும்.