கடுகண்ணாவை மழையும் கண்டிக்குப் போன வழியும்



மே மாதம் பாதி தாண்டினால் எமதூரில் காற்று மாறிவிடும். மேற்கே மாவனல்லைப் பக்கம் வானம் கறுக்கும், பின்னேரத்துக்குள் மலையை முகில் மூடிவிடும். கடலில் இருந்து வரும் தென்மேல் பருவக்காற்று கடுகண்ணாவை மலையில் முட்டி, மேலே ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டுகிறது. ஈரத்தை இந்தப் பக்கம் இறக்கிவிட்டு மலை தாண்டிப் போகும் அதே காற்றுத்தான் மட்டக்களப்பில் வறண்ட கச்சானாக வீசுகிறது. எங்களுக்கு மழை, அவர்களுக்கு வெயில்.

இந்த மழை பயணிகளை மட்டும் மறிக்கவில்லை, அரசுகளையும் மறித்திருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் ஒரு விடயத்தைக் கவனித்துப் பாருங்கள். ஒல்லாந்தர் 1765இல் கண்டிக்குள் நுழைந்தது பெப்ரவரியில். ஆங்கிலேயர் 1803இல் நுழைந்ததும் பெப்ரவரியில். 1815இல் கண்டியைப் பிடித்ததும் பெப்ரவரியில். மலைப்பாதை காய்ந்திருக்கும் மாதம் அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. போவது இலகு, மழை தொடங்கிய பின் அங்கே இருப்பதுதான் கஷ்டம். ஒல்லாந்தர் சில மாதங்களிலேயே நோயாலும் உணவுத் தட்டுப்பாட்டாலும் நகரைக் கைவிட்டார்கள்.

1803இல் நடந்தது இன்னும் கொடுமை. காய்ச்சலால் சுருண்ட ஆங்கிலப் படை ஜூன் 24ஆம் திகதி சரணடைந்தது. மேஜர் டேவி தன் ஆட்களோடு திருகோணமலைக்குப் புறப்பட்டு வட்டபுளுவையை அடைந்தபோது, மகாவலி பெருக்கெடுத்து ஓடியது. கடக்க வழியில்லை. அங்கேயே அந்தப் படை அழிந்தது. இதில் எமது சமூகத்தவரின் கதையும் உண்டு. ஆங்கிலப் படையில் இருந்த மலாய் அதிகாரி கப்டன் நூர்தீன், கண்டி மன்னரின் சேவையில் சேர மறுத்து உயிர் துறந்தார். மன்னருக்காகப் போரிட்டவர்களிலும் மலாய்க்காரர் இருந்தார்கள். இரண்டு பக்கமும் நின்றவர்கள் தாம் உண்ட உப்புக்கு உண்மையாக இருந்தார்கள்.

படைகள் திணறிய மலைநாட்டில் எமது முன்னோர் பிழைப்பு நடத்தினார்கள். தவளம் என்று நாம் சொல்லும் பொதிமாட்டுக் கூட்டங்களோடு கரையில் இருந்து உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றி வந்தார்கள், இங்கிருந்து பாக்கும் மிளகும் கொண்டு போனார்கள். கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்றே ‘மடிகே’ என்ற பிரிவு இருந்தது, அதில் முஸ்லிம்கள் பெரும் பங்கு வகித்தார்கள். எந்த ஆறு எப்போது பெருகும், எந்தச் சரிவில் மாடு வழுக்கும் என்ற அறிவுதான் அவர்களுடைய முதல்.

மழை தங்களைத் துண்டிக்கும் என்பதை 1803இல் பட்டுணர்ந்த ஆங்கிலேயர், 1815க்குப் பிறகு செய்த பெரிய வேலை வீதி. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கப்டன் டோசன் எமது மலையை வெட்டிக் கண்டி வீதியைக் கொண்டுவந்தார். பாறையைக் குடைந்த வழியை இன்றும் காண்கிறோம். டோசன் 1829இல் இறந்தார், 1832இல் எழுப்பிய அவருடைய நினைவுக் கோபுரம் எமதூரின் அடையாளமாக நிற்கிறது. ஆனால் கோப்பி ஏற்றிய மாட்டு வண்டிகள் மழைச்சேற்றில் புதைந்துகொண்டே இருந்தன. அதனால் 1867இல் ரயில் வந்தது. ரம்புக்கனையில் இருந்து சுமார் 12 மைலில் 1,400 அடி அளவு ஏற்றம், 45 அடிக்கு ஒரு அடி. அந்தப் பாதையை அமைத்த தொழிலாளர்கள் பலரைக் காய்ச்சல் கொண்டுபோனது. அவர்களுக்குக் கோபுரம் இல்லை.

வீதியும் ரயிலும் மழையை வென்றுவிட்டன என்று நினைத்தோம். 2016 மே 17இல் பக்கத்து அரநாயக்கவில் மலை சரிந்து நூற்றுக்கும் அதிகமானோர் மாண்டார்கள், காணாமல் போனார்கள். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் வீதியோரத்திலேயே சரிவு விழுந்து உயிர்களைப் பறித்தது, கொழும்பு–கண்டி வீதி மூடப்பட்டது. வெட்டிய மலை வெட்டிய மலைதான். நீர் ஊறினால் அது இறங்கும்.

ஆகவே பெற்றோரிடமும் வேன், முச்சக்கரவண்டிச் சாரதிகளிடமும் ஒரு வேண்டுகோள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருங்கள், 100 தாண்டினால் வெளியேறத் தயாராகுங்கள், 150 தாண்டினால் சரிவுப் பகுதியை விட்டு வெளியேறுங்கள். சுவரில் புது வெடிப்பு, மரம் சாய்தல், திடீரெனக் கலங்கிய ஊற்றுநீர் இவற்றைக் கண்டால் எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். பிள்ளை ஒரு நாள் பாடசாலைக்கு வராவிட்டால் பாடத்தை நாங்கள் மறுநாள் சொல்லிக் கொடுப்போம்.

தவளக்காரர் ஆறு வடியும் வரை அக்கரையில் காத்திருந்தார்கள். அது கோழைத்தனம் அல்ல, தொழில் தெரிந்தவர்களின் பழக்கம்.